சைக்கிளில் விழுந்து பேச்சில்லாமல் கிடந்தால் யாருக்குக் கோல் எடுப்பார்கள்? அடையாளம், அவசர இலக்கம் பற்றி ஒரு கேள்வி

வாவியோரம் எழுதியது:

மட்டக்களப்பு கல்லடியில இருந்து விடியக்காலையில சைக்கிள் ஓடுற ஆறு பேர் நாங்க. வேலை நாளில கல்லாறு மட்டும் போய்த் திரும்புறது. ஞாயிற்றுக்கிழமையில மண்முனைப் பாலத்தால படுவான்கரைக்குப் போய், கொக்கட்டிச்சோலை, வவுணதீவு சுத்தி வலையிறவுப் பாலத்தால டவுனுக்குள்ள வாறது. மாசத்தில ஒருக்கா காரைதீவுச் சந்தியால திரும்பி அம்பாறை.

மோட்டச்சைக்கிள்காரன் விழுந்தா நம்பர் பிளேட் இரிக்கும், லைசன்ஸ் இரிக்கும். சைக்கிளுக்கு ரெண்டும் இல்ல. ஆள் மயங்கிட்டா ஆர், எவடம், வீட்டுக்கு எப்படி அறிவிக்கிற எண்டு ஒண்டுமே தெரியாது. எங்கட ஆறு பேரில ஒருத்தர் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுறவர். இன்னொருத்தருக்கு இதயத்தில உலோக வால்வு வச்சு, வாபரின் குடிக்கிறார்.

கேள்வி இதுகள்தான். அட்டையில என்ன எழுதுற, என்ன எழுதக் கூடாது? எதில எழுதினா வேர்வைக்கும் மாரி மழைக்கும் நிக்கும்? உடம்பில எங்க வைக்கிற? ஐசியை, அதான் அடையாள அட்டையை, கையோட கொண்டு போறதா, போட்டோகொப்பி காணுமா? போன் லொக் பண்ணி இருந்தா என்ன செய்யிற? தெரிஞ்ச ஆக்கள் விவரமாச் சொல்லுங்க.

ஈடியூ_வாசல் எழுதியது:

எங்கே வைப்பது என்பதிலிருந்து தொடங்குகிறேன். நிறையப் பேர் பிழை விடுவது அங்கேதான்.

ரோட்டில் ஒருவர் விழுந்து கிடந்தால் அம்புலன்ஸ் வரும்வரை சனம் பார்த்துக்கொண்டு நிற்காது. அந்த நேரம் வருகிற ஓட்டோவிலோ பட்டா லொறியிலோ ஏற்றி விட்டுவிடும். சைக்கிள் யாரோ ஒருவருடைய வளவுக்குள் போகும், இல்லாவிட்டால் பொலிசுக்குப் போகும். சீட்டுக்குக் கீழே தொங்கும் பை, ஹாண்டில் பை, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் சைக்கிளோடு சேர்ந்து பிரிந்துவிடும். ஆகவே சைக்கிளில் இருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். உடம்பில் இருப்பது மட்டும்தான் நாங்கள் வேலை செய்கிற ஈடியூ, அதாவது ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவு, வாசலுக்குள் வரும்.

உடம்பிலும் எல்லா இடமும் சரியில்லை. பெனியனையும் ஜேர்சியையும் கத்தரியால் வெட்டி எடுப்போம், பின்பக்கப் பையில் இருந்த அட்டை துணியோடு சேர்ந்து மூலைக்குப் போய்விடும். ஹெல்மெட்டின் உட்பக்கம் எழுதி வைத்தால் அதை வாசிப்பதற்காகவே ரோட்டில் நிற்பவர் ஹெல்மெட்டைக் கழற்றப் பார்ப்பார். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அது பெரிய ஆபத்து. ஹெல்மெட்டில் எழுதுவதென்றால் வெளிப்பக்கம், அதுவும் இலக்கம் மட்டும். நாங்கள் முதலில் தொடும் இடங்கள் மணிக்கட்டும் கழுத்தும். நாடி பார்க்கிற இடம் அதுதானே. மணிக்கட்டில் பட்டி, இல்லையென்றால் கழுத்துச் சங்கிலியில் ஒரு தகடு. சங்கிலியென்றால் இழுத்தால் அறுகிற மெல்லிய மணிச்சங்கிலி. தடித்த வெள்ளிச் சங்கிலி ஹாண்டிலில் கொழுவினால் கழுத்தை நெரிக்கும். இரண்டாவது பிரதி சப்பாத்து நாடாவில்.

ஒரே ஒரு விதி சொல்வதென்றால், எது இல்லாமல் நீங்கள் சைக்கிளில் ஏறவே மாட்டீர்களோ அதில் கட்டுங்கள். ஓடப் போகும்போது மட்டும் தேடி எடுத்துப் போடுகிற பட்டி இரண்டு மாதத்தில் மேசை லாச்சிக்குள் போய்விடும். மணிக்கூடு கட்டுகிறவர் மணிக்கூட்டுப் பட்டியிலேயே தகட்டைக் கோர்க்கலாம். சாரத்தோடு ஓடுகிற வயதானவர்கள் சப்பாத்தும் போடுவதில்லை, மணிக்கூடும் கட்டுவதில்லை. அவர்களில் இடுப்புப் பட்டி கட்டுகிறவர்கள் அந்தப் பைக்குள் அட்டையை வைத்தால் காணும். ஆஸ்பத்திரியில் காசு இருக்கிறதா என்று எண்ணி எழுதும்போது அந்தப் பையைத் திறந்துதான் பார்ப்பார்கள்.

இனி, என்ன எழுதுவது. எல்லோரும் முதலில் எழுதுவது இரத்த வகை. சொன்னால் கோபிப்பீர்கள், எங்களுக்கு அதனால் பெரிய பிரயோசனமில்லை. அட்டையில் ஓ பொசிட்டிவ் என்று இருந்தாலும் இரத்தவங்கி உங்கள் இரத்தத்தை எடுத்து வகை பார்த்து, பொருத்தம் பார்த்துத்தான் தரும். அதற்கும் நேரமில்லாத நிலை என்றால் ஓ நெகட்டிவ் ஏற்றுவார்கள். இடம் மிஞ்சினால் எழுதுங்கள், அதற்காக வேறொன்றை வெட்டாதீர்கள்.

வெட்டக் கூடாதது இரத்தத்தை இளக்கும் மருந்து. வாபரின், குளோபிடோகிரல், தினமும் குடிக்கும் அஸ்பிரின். தலையில் சின்ன அடிதான், ஆள் எழும்பி இருந்து கதைக்கிறார் என்றாலும் வாபரின் குடிப்பவர் என்று தெரிந்தால் ஸ்கான் எடுக்கும் முடிவு மாறும், வாட்டில் வைத்துப் பார்க்கும் நேரமும் மாறும். உங்கள் குழுவில் உள்ளவர் "வாபரின்" என்று மட்டும் எழுதினால் போதாது, "உலோக வால்வு" என்றும் எழுத வேண்டும். இரத்தப்போக்கை நிறுத்த வாபரினின் வேலையை முறிக்கலாமா, எவ்வளவு முறிக்கலாம் என்று முடிவெடுப்பவருக்கு அது ஏன் கொடுக்கப்படுகிறது என்பதும் வேண்டும். முறித்தால் வால்வில் இரத்தம் கட்டிவிடும் பயம் இருக்கிறது. மருந்தின் அளவை எழுத வேண்டாம். வாபரின் அளவு கிளினிக்குக்குக் கிளினிக் மாறும், பழைய அளவு அட்டையில் இருந்தால் அதுவே பிழையான தகவல்.

அடுத்தது ஒவ்வாமை, பெனிசிலின் முதலானது. பிறகு வலிப்பு, ஆஸ்துமா, பேஸ்மேக்கர். கடைசியாக ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்ட ஆண்டையும் எழுதலாம். ரோட்டில் தேய்ந்த காயத்துக்கு மறுபடி போட வேண்டுமா என்று அதை வைத்துத்தான் பார்ப்போம், வாயால் கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

சீனி வருத்தக்காரருக்கு அட்டை இரண்டு பேருக்குப் பேச வேண்டும். ஒன்று டொக்டருக்கு. மற்றது முதலில் வந்து நிற்கிற வயல்காரருக்கு. சீனி குறைந்தவர் தடுமாறுவார், நா குழறும், சில வேளை ஏசவும் செய்வார். பார்க்கிறவர்கள் குடித்துவிட்டு விழுந்தவர் என்று விட்டுவிட்டுப் போவார்கள். ஆகவே அட்டையின் ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில்: "நான் குடிக்கவில்லை. எனக்குச் சீனி குறைந்திருக்கலாம். முழிப்பாக இருந்தால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துத் தரவும். மயங்கியிருந்தால் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம். அம்புலன்ஸுக்கு 1990." 3 தேக்கரண்டி என்றால் ஏறக்குறைய 15 கிராம். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. அம்பாறை வரை போகிறீர்கள் என்றால் இந்தப் பக்கம் தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை இருக்கட்டும். மருந்துப் பெயர்கள் உள்ள மற்றப் பக்கம் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில்.

லமினேட்_கடை எழுதியது:

எதில எழுதுற எண்ட கேள்விக்கு நான் சொல்றன்.

கடைக்கு வாறவங்க கேக்குறது ஐசி சைஸ் அட்டை. 85க்கு 54 மில்லிமீற்றர். சரியான அளவுதான், ஆனா மூணு இடத்தில பிழைக்கும். முதலாவது பிரிண்ட். இன்க்ஜெட்டில அடிச்ச கடுதாசிக்குள்ள ஒரு துளி தண்ணி போனாலும் எழுத்து ஊறிப் பரவும். லேசர் பிரிண்ட் எடுங்க, இல்லாட்டி அதை போட்டோகொப்பி பண்ணுங்க. பவுடர் மை கரையாது. கையால எழுதுறதெண்டா போல் பொயின்ட் பேனை. ஜெல் பேனை வேணாம். பில் வாற மெசின் கடுதாசியில அடிச்சுக் கொண்டு வந்து லமினேட் பண்ணித் தாங்க எண்டும் கேக்குறாங்க. அது சூட்டில கறுக்கிற கடுதாசி. மெசினுக்குள்ள போனா முழுக்கக் கறுத்துத்தான் வெளிய வரும்.

ரெண்டாவது வெட்டு. லமினேட் பண்ணின பிறகு அழகா இரிக்கணும் எண்டு கடுதாசி விளிம்போட ஒட்ட வெட்டினா முடிஞ்சுது கதை. வேர்வை அந்த விளிம்பாலதான் உள்ள ஏறும். சுத்திவர 4 மில்லிமீற்றராவது வெறும் பிளாஸ்டிக் விட்டு வெட்டச் சொல்லுங்க. 65க்கு 95 பவுச்சுக்குள்ள 85க்கு 54 அட்டை போட்டா அந்தக் கரை தானா வரும். 125 மைக்ரோன் பவுச் கேளுங்க, 80 மெல்லிசு, பைக்குள்ள மடிஞ்சு மடிஞ்சு மூலை பிரியும். மூலையை வட்டமா வெட்டுங்க, கூர் மூலை தொடையில குத்தும்.

மூணாவது ஓட்டை. சங்கிலி கோக்க லமினேட்டுக்குள்ள இரிக்கிற கடுதாசியிலயே ஓட்டை குத்துறாங்க. ஓட்டையாலயும் தண்ணி போகும். ஓட்டை வெறும் பிளாஸ்டிக் கரையில வரணும், அதுக்கு ஒரு பக்கம் 12 மில்லிமீற்றர் கரை விடணும்.

இவ்வளவும் செய்தாலும் தினம் ஓடுற ஆளுக்கு ஒரு வருசம் நிண்டா பெரிய காரியம். ஒரு வருசத்துக்கு ஒருக்கா புதுசு அடிக்கிறது நல்லதுதான், மருந்தும் நம்பரும் மாறும்தானே. கீழ மூலையில அடிச்ச மாதமும் வருசமும் போடுங்க.

தகடு வேணுமெண்டா கோப்பைக்கும் கேடயத்துக்கும் பேர் வெட்டுற கடைக்குப் போங்க. 50க்கு 28 தகட்டில 5 வரி, வரிக்கு 15 ஆங்கில எழுத்து கொள்ளும். தமிழ் வெட்டுறதெண்டா கவனம். மெசின் கொம்பூட்டரில யுனிகோட் எழுத்துரு இல்லாட்டி கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிக்கும். நீங்களே எழுத்தைப் படமா மாத்தி, வெக்டர் பண்ணிப் பீடிஎப்பா குடுங்க. ஸ்டீல் நல்லம், ஆனா லேசரால ஆழமா எரிச்சா அந்த எழுத்துக்குள்ளயே துரு பிடிக்கும். எரியிற சூட்டில ஸ்டீலைத் துருவில இருந்து காக்கிற மேல்தோல் போயிரும், பிறகு கடல் காத்தும் வேர்வையும் வேலையைக் காட்டும். ஆழம் வேணாம், கறுப்பா அடையாளம் மட்டும் விழச் சொல்லுங்க. பித்தளை பாசி பிடிச்ச மாதிரி பச்சையாகும், வெள்ளைச் சட்டையையும் கெடுக்கும்.

செலவே வேணாம் எண்டா 1 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில 40க்கு 15 துண்டு வெட்டி, கராச்சில இரிக்கிற எழுத்து அடிக்கிற இரும்பு அச்சால, பஞ்ச் எண்டு சொல்றதால, ஒவ்வொரு எழுத்தா அடிக்கலாம். 3 மில்லிமீற்றர் பஞ்ச் எடுத்தா ஒரு வரியில பத்து இலக்கம் சரியாக் கொள்ளும். கரையை அரத்தால தேயுங்க. வடிவு இல்ல, ஆனா அழியாது.

சல்லடை எழுதியது:

லமினேட்_கடைக் காக்கா சொன்னதோட ஒரு சின்னச் சேர்ப்பு. ஹெல்மெட் வெளிப்பக்கம் மார்க்கர் பேனையால நேரடியா எழுத வேணாம், மார்க்கரில இரிக்கிற கரைப்பான் சில பிளாஸ்டிக்கைப் பலவீனப்படுத்தும். உள்ளுக்கு இரிக்கிற வெள்ளை ரெஜிபோமில படவே கூடாது. கடுதாசி ஸ்டிக்கரில எழுதி ஒட்டுங்க.

வாவியோரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஈடியூ அக்கா, இரத்த வகை விசயம் உண்மையிலயே புதுசு.

ஐசி பற்றி இன்னும் ஒருத்தரும் சொல்லல்ல. தகட்டில ஐசி நம்பர் வெட்டினா ஆளைக் கண்டுபிடிக்க லேசுதானே?

கரியர்_கட்டை எழுதியது:

லேசுதான், தம்பி. உங்களுக்கு மட்டுமில்ல, தகட்டை எடுத்தவனுக்கும் லேசு. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்ணும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த மூன்றோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்கத்தில் முதல் நான்கும் ஆண்டு. அதாவது பெயரோடு ஐசி நம்பர் போட்டால் பிறந்த திகதியும் சேர்த்து வெளியே தொங்குகிறது. அதே நம்பரை வைத்துத்தான் சிம்மும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. வெளியில் தெரியும் தகட்டில் அது வேண்டாம்.

ஐசி நம்பர் தேவைப்படுவது ஆஸ்பத்திரியில் பதியும்போதும் பொலிஸ் முறைப்பாட்டிலும். இரண்டும் வீட்டார் வந்த பிறகு நடக்கிற வேலை. ஆகவே வீட்டாரிடம் நம்பர் இருந்தால் காணும்.

மூல அட்டையா கொப்பியா என்றால், வேலை நாளில் கல்லாறு வரை போய் வர இரண்டு பக்கமும் எடுத்த கொப்பியை லமினேட் பண்ணி வைத்தால் போதும். அம்பாறை, பொத்துவில், அதற்கும் அப்பால் பாணமைப் பக்கம் என்றால் மூல அட்டை. வழியில் பொலிசார் மறித்துக் கேட்டால் கொப்பியை ஏற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பழைய லமினேட் ஐசி வைத்திருப்பவர்கள் சிப் பண்ணி மூடுகிற சின்னப் பொலித்தீன் பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள். வேர்வையில் விளிம்பு பிரிந்தால் படம் மங்கும். தொலைத்தால் பொலிஸ் முறைப்பாடு, கிராம சேவகர், படிவம், படம் என்று ஒரு கிழமை அலைச்சல். கொப்பியின் பின்பக்கத்தைச் சும்மா விடாதீர்கள், ஈடியூ அக்கா சொன்ன மருந்து விவரத்தை அதிலேயே அடிக்கலாம்.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் சைக்கிளுக்கும் இதே கேள்வி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் பெயரை வெளியே தெரிகிற மாதிரி எழுத வேண்டாம். முன்பின் தெரியாதவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை தெரிந்தவர் என்று நினைக்கும். சப்பாத்து நாக்கின் உட்பக்கம் தாய் தகப்பன் இருவரின் இலக்கம், அவ்வளவுதான். புத்தகப் பையில் எழுதுவது வீண், விழுந்தால் முதலில் தூரப் போவது பைதான்.

சில்லுக்கம்பி எழுதியது:

போன் பகுதி என்னுடையது.

போனில் "ஐ.சி.ஈ" (அவசரத்துக்கு என்று பொருள்படும் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஒரு பெயரில் வீட்டு இலக்கத்தைப் பதிந்து வைக்கும் பழக்கம் 2005இல் இங்கிலாந்தில் ஓர் அம்புலன்ஸ் உத்தியோகத்தர் தொடக்கிவைத்தது. அந்தக் காலத்துப் போனைப் பெரும்பாலானோர் கடவு எண் போட்டுப் பூட்டுவதில்லை. இப்போது பூட்டிய போனுக்குள் அந்தப் பெயர் இருந்து என்ன பயன்? பொத்தான் போன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இன்றைக்கும் சரி. பெயருக்கு முன்னால் ஆங்கில ஏ எழுத்து இரண்டு போட்டால் பட்டியலில் முதலாவதாக வரும்.

அன்ட்ரொயிட்டில் செட்டிங்ஸுக்குள் "சேப்டி அன்ட் எமர்ஜென்சி" என்று ஒரு பகுதி இருக்கும், பெயர் போனுக்குப் போன் கொஞ்சம் வேறுபடும். அதில் மருத்துவத் தகவல், அவசரத் தொடர்பு இரண்டையும் நிரப்புங்கள். நிரப்பிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் பிழை. பூட்டுத் திரையில் காட்டலாம் என்ற சுவிட்சையும் போட வேண்டும். ஐபோனில் ஹெல்த் செயலிக்குள் மெடிக்கல் ஐடி, அதிலும் "ஷோ வென் லொக்ட்" போட வேண்டும். பிறகு போனைப் பூட்டி, இன்னொருவர் கையில் கொடுத்து, கடவு எண் இல்லாமல் உங்கள் வீட்டுக்கு அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். பூட்டுத் திரையைத் தள்ளினால் கீழே வருகிற "எமர்ஜென்சி" என்ற சொல்லைத் தட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் இன்னொன்றும் செய்யுங்கள், இதுதான் லேசான வழி. பூட்டுத் திரைப் படமாக வெள்ளை எழுத்தில் "அவசரத்துக்கு" என்று போட்டு இரண்டு இலக்கத்தை எழுதிய படத்தை வையுங்கள். எழுத்து திரையின் நடுவில் இருக்க வேண்டும். மேலே மணிக்கூடு மறைக்கும், கீழே விரலடையாளம் வரும், இடையில் வட்ஸ்அப் அறிவித்தல்கள் வந்து குவியும். ஆகவே பூட்டுத் திரையில் அறிவித்தல்களைச் சின்னக் குறியாக மட்டும் காட்ட வையுங்கள்.

அன்ட்ரொயிட்டில் பவர் பொத்தானை ஐந்து முறை அமத்தினால் அவசர அழைப்புப் போகும் வசதி பல போன்களில் உண்டு. ஜேர்சிப் பையில் பம்புக்கும் டியூபுக்கும் இடையில் போன் நெரிந்தால் அது தானாகவே போய்விடும். போன் முகம் உடம்புப் பக்கம், பொத்தான் மேல்பக்கம், அந்தப் பையில் வேறொன்றும் வைக்காமல் விடுங்கள்.

வட்ஸ்அப்பில் நேரடி இருப்பிடம் 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என்று மூன்றுதான். காலை 5 மணிக்கு 1 மணித்தியாலத்தைத் தட்டிவிட்டுப் போனால் நீங்கள் படுவான்கரையில் நிற்கும்போது அது முடிந்திருக்கும். 8 போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் நிறுத்துங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் வரைபடத்தில் உங்கள் படம் அசையாமல் நிற்கும். வீட்டில் இருப்பவர் அதைப் பார்த்து விழுந்துவிட்டார் என்று பதற வேண்டாம், கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கார்மின் சைக்கிள் கொம்பியூட்டரில் விபத்தை உணர்ந்து செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. செய்தியை அனுப்புவது கார்மின் இல்லை, அதோடு இணைத்த போன். போனில் டேட்டா இல்லை, சிக்னல் இல்லை என்றால் ஒன்றும் போகாது. மாடு குறுக்கே வந்து சடாரென்று பிரேக் பிடித்தாலும் விபத்து என்று நினைக்கும். அலறும்போதே நிறுத்தாவிட்டால் வீட்டுக்குச் செய்தி போய்விடும். ஆபத்தான வசதி என்று சொல்லவில்லை, தனியே அதை நம்ப வேண்டாம்.

நுணாவில்_நிழல் எழுதியது:

கியூஆர் ஸ்டிக்கரை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? ஸ்கான் பண்ணினால் முழு மருத்துவ வரலாறும் வரும். தகடு வெட்டுகிற சோலி இல்லை.

சில்லுக்கம்பி எழுதியது:

இணையத்தளத்துக்குக் கொண்டுபோகிற கியூஆர் என்றால் ஸ்கான் பண்ணுகிறவருக்கு டேட்டா வேண்டும், அந்தத் தளம் அடுத்த வருடமும் இயங்க வேண்டும், சந்தா கட்டியிருக்க வேண்டும். விடியற்காலை இருட்டில் சேறு படிந்த ஸ்டிக்கரை ஒருவர் போனால் பிடிக்க வேண்டும். ரோட்டில் நிற்கிற கமக்காரர் ஐயாவிடம் பொத்தான் போன் இருந்தால் கதை முடிந்தது. கியூஆர் வேண்டுமென்றால் இணைப்பைப் போடாமல் தொலைபேசி இலக்கத்தையே, அல்லது வெறும் எழுத்தையே அதற்குள் போடுங்கள். அது இணையம் இல்லாமலும் திறக்கும். அப்படியும் பக்கத்தில் கண்ணால் வாசிக்கிற மாதிரி இலக்கம் இருக்க வேண்டும்.

காரைதீவுச்_சந்தி எழுதியது:

தகடு, போன் எல்லாம் வந்துவிட்டது. அந்த இலக்கத்தை அழைத்தால் மற்றப் பக்கத்தில் யார் எடுப்பார், எடுத்தால் என்ன சொல்வார் என்பதை இன்னும் ஒருவரும் தொடவில்லை. நல்ல ஸ்டீலில் வெட்டிய இலக்கம், மற்ற முனையில் போன் சைலன்டில் கிடந்தால் வெறும் இரும்பு.

நீங்கள் ஓடுவது காலை 5 மணிக்கு. அந்த நேரம் வீட்டில் போன் சார்ஜில், சத்தம் குறைத்து. வருவதோ தெரியாத இலக்கம். இந்தக் காலத்தில் தெரியாத இலக்கத்தை எடுக்கிறவர் குறைவு. ஆகவே முதல் தொடர்பாகப் போடுகிறவரிடம் நேரில் சொல்லுங்கள்: நான் ரோட்டில் இருக்கிற நேரம் எந்த இலக்கம் வந்தாலும் எடுக்க வேண்டும். தெரியாத இலக்கத்தைத் தானாகத் தடுக்கிற செட்டிங் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அரை மணித்தியாலத்துக்குள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ களுவாஞ்சிக்குடிக்கோ வந்து நிற்கக் கூடியவர். மற்றவர் வேறு வீட்டில், வேறு வலையமைப்பில். புருசனும் பெண்சாதியும் ஒரே கட்டிலில் படுத்திருக்க இரண்டு இலக்கத்தையும் போடுவதில் என்ன இருக்கிறது? அண்ணன் கனடாவில் என்றால் மூன்றாவதாகப் போடுங்கள், நாட்டுக் குறியீட்டோடு. வழியில் நிற்பவரின் போனில் வெளிநாட்டுக்கு எடுக்கக் காசு இருக்காது. இலக்கத்துக்குப் பக்கத்தில் உறவு எழுதுங்கள், "மனைவி", "தம்பி" என்று. அழைக்கிறவர் எப்படிச் சொல்வது என்று அதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். முதல் தொடர்பாக 75 வயது அம்மாவைப் போடாதீர்கள், அவருக்கு ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தத் தொடர்பாளரின் போனில் மூன்று படம் இருக்க வேண்டும்: உங்கள் ஐசி இரண்டு பக்கமும், கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கம், மருந்துப் பெட்டிகளைப் பரப்பி வைத்து எடுத்த ஒரு படம். வாபரின்காரர் ஒவ்வொரு கிளினிக் முடிந்ததும் கொப்பிப் படத்தைப் புதிதாக அனுப்ப வேண்டும். ஈடியூவில் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அந்தப் படங்களே பதில் சொல்லும்.

அழைப்பு வந்தால் கேட்க வேண்டியதும் எழுதி வைத்திருக்கட்டும். எவடம், ஆள் கதைக்கிறாரா, யார் கொண்டுபோகிறார்கள், எந்த ஆஸ்பத்திரி. களுவாஞ்சிக்குடிக்கு ஏற்றி அங்கிருந்து மட்டக்களப்புக்கு மாற்றினால் நீங்கள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் ஓடுவீர்கள். ஆகவே போய்ச் சேர்ந்ததும் திரும்ப ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கள். இன்னொரு கவனம், "மகன் அடிபட்டுக் கிடக்கிறார், உடனே இந்த நம்பருக்குக் காசு போடுங்கள்" என்று பொய் அழைப்பும் வரும். அரச ஆஸ்பத்திரியில் சேர்க்கக் காசு கேட்கமாட்டார்கள். காசு என்ற சொல் வந்தால் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

1990 இலவசம், தமிழிலேயே கதைக்கலாம். பொலிசுக்கு 119. 1990இல் முதல் கேள்வியே இடம். "கொக்கட்டிச்சோலை ரோட்டில" என்றால் அது பல கிலோமீற்றர். பெரிய வீதியில் கிலோமீற்றர் கல்லைப் பாருங்கள். மதகுச் சுவரில் 12/3 மாதிரி ஓர் எண் எழுதியிருக்கும், 12ஆவது கிலோமீற்றரில் 3ஆவது மதகு என்று அர்த்தம், அதைச் சொன்னால் இடம் பிசகாது. உள்வீதியில் கோவில், பள்ளிவாசல், பாடசாலை, நெல் ஆலை, இவற்றில் ஒன்றின் முழுப்பெயரும் ஊர்ப்பெயரும். குழுவில் ஒருவர் காயப்பட்டவரோடு நிற்க, மற்றவர் பெரிய ரோட்டுச் சந்திக்குப் போய் லைட்டை மினுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். வயல் ரோட்டுக்குள் அம்புலன்ஸ் தடுமாறுவது கடைசி ஒரு கிலோமீற்றரில்தான்.

வாவியோரம் எழுதியது:

எல்லாத்தையும் வச்சு வால்வு போட்டவருக்கு ஒரு அட்டை எழுதிப் பார்த்தன். பாருங்க.

முன்பக்கம், தமிழிலும் சிங்களத்திலும்: "அவசரத்துக்கு 1990. பிறகு மனைவி 07• ••• ••••, தம்பி 07• ••• ••••, மச்சான் லண்டன் +44 0••• ••• •••."
பின்பக்கம், ஆங்கிலத்தில்: பெயர், பிறந்த ஆண்டு, இரத்த வகை, ஒவ்வாமை இல்லை, ஏற்பு ஊசி 2022, வாபரின், உலோக வால்வு, கிளினிக் நடக்கிற ஆஸ்பத்திரி, அட்டை அடிச்ச மாதம்.

ஈடியூ_வாசல் எழுதியது:

முன்பக்கம் நல்லது. பின்பக்கத்தில் வாபரின் ஆறாவது இடத்தில் நிற்கிறது. அதை முதல் வரிக்கு ஏற்றுங்கள், உலோக வால்வு அதே வரியில், மற்ற எழுத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக, முடிந்தால் சிவப்புப் பெட்டிக்குள். இரத்த வகை கடைசிக்குப் போகட்டும். மணிக்கட்டுத் தகட்டுக்கு அந்த முதல் வரியும் மனைவியின் இலக்கமும், "அட்டை இடுப்பில்" என்ற சொல்லும் காணும். எங்கே தேடுவது என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

லமினேட்_கடை எழுதியது:

சிவப்புப் பெட்டி எண்டா கலர் லேசர். இன்க்ஜெட்டில அடிச்சிராதீங்க, சிவப்பும் ஊறிப் பரவும். மத்தது லண்டன் நம்பரைப் பாருங்க, +44 போட்டா அதுக்குப் பிறகு வாற பூச்சியத்தை எடுக்கணும். இப்படியே அடிச்சா கோல் போகாது.